சிமிட்டும் ரியூப் லைற்: ஸ்ராட்டரை மாற்றுமுன் கவனிக்க வேண்டியவை

பொழுதுபடும் நேரத்தில் கடைக்கு ஒருவர் வந்து, "அண்ணை, ரியூப் லைற் விட்டுவிட்டு எரியுது, ஒரு ஸ்ராட்டர் தாங்கோ" என்று கேட்பது கிளிநொச்சி தொடக்கம் புதுக்குடியிருப்பு வரை எந்த மின்பொருள் கடையிலும் காணக்கூடிய காட்சி. ஸ்ராட்டர் விலை குறைந்த பொருள். ஏணி வைத்து ஏறினால் கையாலேயே திருகிக் கழற்றலாம். ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் பழி முதலில் அதன் மீதே விழுகின்றது. சில வேளை அந்தப் பழி சரியாகவும் இருக்கும். ஆனால் நான் பழுது பார்த்த வீடுகளில், நல்ல ஸ்ராட்டர்கள் மூன்று நான்கு கழற்றப்பட்டு யன்னல் விளிம்பில் கிடக்க, தேய்ந்துபோன பழைய ரியூப் மேலே தொடர்ந்து சிமிட்டிக்கொண்டிருந்ததையே கூடுதலாகக் கண்டிருக்கிறேன்.

ரியூப் லைற் சிமிட்டுவதில் வகைகள் உண்டு. நின்று ஒரு நிமிடம் பார்த்தால், எந்த உறுப்பில் கோளாறு என்பதைப் பெரும்பாலும் சிமிட்டும் விதமே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஒரே விதமான சிமிட்டல் பழைய சோக் பூட்டிய விளக்கில் ஒரு பொருளையும், இலத்திரனியல் சோக் பூட்டிய விளக்கில் வேறொரு பொருளையும் தரும். ஆதலால் விளக்கைத் தொடுமுன் அதற்குள் எந்த வகையான தொடக்கும் கருவி இருக்கின்றது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

சோக் எதற்காக?

ரியூப்பின் கண்ணாடிக் குழாய்க்குள் ஆகன் போன்ற சடத்துவ வாயு குறைந்த அமுக்கத்தில் அடைக்கப்பட்டு, அதனுடன் மிகச் சிறிதளவு இரசமும் இடப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் தங்குதன் கம்பிச் சுருள்கள் உள்ளன. அவற்றின் மீது பேரியம், துரந்தியம், கல்சியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகள் பூசப்பட்டிருக்கும். சூடேறும்போது இலத்திரன்களை எளிதில் உமிழ்வது இந்தப் பூச்சுத்தான். இலத்திரன்கள் இரச ஆவியுடன் மோத, கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கடந்த கதிர் பிறக்கின்றது. குழாயின் உட்சுவரில் உள்ள வெள்ளைப் பொடி அக்கதிரை உறிஞ்சி வெளிச்சமாக மாற்றித் தருகின்றது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. குளிர்ந்த குழாயினூடாக மின் எளிதில் பாயாது. பாயத் தொடங்கிவிட்டாலோ நிற்காது. ஓட்டம் கூடக் கூட வாயுவின் தடை குறைந்துகொண்டே போவதால், எதுவும் தடுக்காவிட்டால் ஓட்டம் கணப்பொழுதில் எல்லை மீறி ரியூப்பை அழித்துவிடும். எனவே, தொடக்கத்தில் ஒரு பெரிய உதையும், தொடங்கிய பின் ஒரு கடிவாளமும் தேவைப்படுகின்றன. இரும்புத் தகடுகளின் மேல் செப்புக் கம்பி சுற்றிய அந்தக் கனத்த பெட்டியாகிய சோக் இவ்விரண்டு வேலைகளையும் செய்கின்றது. 4 அடி நீளமான 36 வாற்று ரியூப் எரியும்போது அதன் இரு முனைகளுக்கிடையில் ஏறத்தாழ 103 வோல்ற் மட்டுமே நிற்கும், ஓட்டம் 0.43 அம்பியர் அளவில் இருக்கும். எங்கள் 230 வோல்ற்றின் எஞ்சிய சுமையைத் தாங்குவது சோக்கே. அதற்கு விலையாக 9 அல்லது 10 வாற்று சூடாக வீணாகின்றது. ஆகவே 36 என்று பொறித்த விளக்கு உண்மையில் 45 வாற்றுக்குக் கிட்டவாகவே மின்மானியை ஓட்டும்.

ஸ்ராட்டருக்குள் நடப்பது

ஸ்ராட்டரின் மூடியைத் திறந்தால் விரல் நுனியளவு கண்ணாடிக் குமிழ் ஒன்றும், அதனுடன் ஒட்டினாற்போல் கடையில் கண்டென்சர் என்று சொல்லப்படும் சிறிய கொள்ளளவி ஒன்றும் காணப்படும். குமிழுக்குள் நியோன் போன்ற வாயுவும், வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஈருலோகக் கீலமும் இருக்கும். சுவிச்சைப் போட்டவுடன் 230 வோல்ற் முழுவதும் இந்தக் குமிழின் மீதே விழுகின்றது. உள்ளிருக்கும் வாயு மங்கலாக ஒளிர்ந்து சூடாக, கீலம் வளைந்து எதிர்முனையைத் தொடுகின்றது. தொட்டவுடன் சோக், ஒரு முனைச் சுருள், ஸ்ராட்டர், மறுமுனைச் சுருள் என்ற வரிசையில் ஓட்டம் பாய்ந்து சுருள்களைச் சூடாக்குகின்றது. முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும் வரை குமிழில் ஒளிர்வு இல்லை; ஒளிர்வு இல்லாததால் கீலம் ஆறி விலகுகின்றது. விலகும் அந்தக் கணத்தில் சோக்கினூடான ஓட்டம் திடீரென அறுபட, சோக் 600 வோல்ற்றுக்கு மேற்பட்ட ஓர் உதையைத் தருகின்றது. ரியூப் பற்றிக்கொள்கின்றது.

ஆனால் ஆடலோட்டம் செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொட்டுப் போகின்றது. பூச்சியத்துக்கு அருகே இருக்கும் வேளையில் கீலம் விலகினால் உதை வலுவாக இராது, ரியூப் பற்றாது, ஸ்ராட்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே சுவிச் போட்டதும் இரண்டு மூன்று தடவை மின்னிவிட்டு எரிவது பழுதன்று. அது அந்தக் கருவியின் இயல்பு.

ரியூப் எரியத் தொடங்கியதும் ஸ்ராட்டரின் மீதான அழுத்தம் 100 வோல்ற் அளவுக்கு இறங்குகின்றது. அதனால் குமிழை ஒளிரச் செய்ய முடியாது. ஆகவே ஸ்ராட்டர் வேலையின்றி ஓய்ந்திருக்கும். எரிகின்ற விளக்கிலிருந்து அதைக் கழற்றி எடுத்தாலும் வெளிச்சம் போகாது. இந்த ஒன்றை மனதில் இருத்திக்கொண்டால் பின்வரும் சோதனைகள் பாதிக்கு மேல் தாமாகவே விளங்கும்: ஸ்ராட்டர் என்பது ரியூப்பின் வோல்ற்றளவை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும் காவற்காரன், அந்த அளவு உயர்ந்தால் 'விளக்கு அணைந்துவிட்டது' என்று எண்ணி மீண்டும் எழுந்து வேலையைத் தொடங்கிவிடும்.

அருகில் இருக்கும் கொள்ளளவி வானொலியில் இரைச்சல் வராமல் தடுப்பதற்காக வைக்கப்பட்டது. பொருள் தட்டுப்பாடான நாள்களில், பழுதான கொள்ளளவியை வெட்டி எறிந்துவிட்டு ஸ்ராட்டரைத் திரும்பப் போட்டு எரித்தவர்கள் உண்டு. விளக்கு எரியும், பக்கத்தில் இருக்கும் வானொலி கரகரக்கும். ஸ்ராட்டரே இல்லாமல் இரண்டு வயர் முனைகளை உரசி விட்டு ரியூப்பைப் பற்றவைத்தவர்களும் உண்டு. அந்த முனைகளில் நிற்பது உயிர்க்கம்பியின் முழு வோல்ற்றும் சோக்கின் உதையும் ஆகையால், அதை இன்று எவரும் செய்து பார்க்க வேண்டாம்.

விட்டுவிட்டு எரிதல், துடித்தல், நெளிதல்

சிமிட்டல் எல்லாவற்றையும் ஒரே சொல்லால் அழைப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம். வழக்கில் உள்ள மூன்று சொற்களை மூன்று குறைகளுக்கு ஒதுக்கிக்கொள்வது நல்லது.

முதலாவது, விட்டுவிட்டு எரிதல். ரியூப் முழு நீளத்துக்கும் பளிச்சென்று எரிந்து, அணைந்து, ஒரு செக்கன் அளவில் மீண்டும் எரியும். ஒவ்வொரு தடவையும் ஸ்ராட்டரில் 'டிக்' என்ற மெல்லிய ஒலி கேட்கும். இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன: தேய்ந்த ரியூப், கெட்ட ஸ்ராட்டர், காணாத வோல்ற்றேஜ். முதலில் ரியூப்பின் இரு முனைகளையும் பார்க்க வேண்டும். முனையருகே சாம்பல் நிறமான மெல்லிய வளையம் இருப்பது குற்றமன்று. கரி பூசியதுபோல் முனை அடர்ந்து கறுத்திருந்தால், சுருள்களின் மேலிருந்த பூச்சு கரைந்து கண்ணாடியில் படிந்துவிட்டது என்று பொருள். பூச்சுக் குறைந்த ரியூப்பை எரிய வைத்திருக்கக் கூடிய வோல்ற் தேவைப்படுகின்றது. அது காவற்காரனின் அளவை எட்டியதும் ஸ்ராட்டர் மீண்டும் முனைகளைச் சேர்த்து ரியூப்பை அணைத்துவிடுகின்றது. இத்தகைய ரியூப்புக்குப் புது ஸ்ராட்டர் போட்டால் அது முன்னையதைவிடச் சுறுசுறுப்பாகச் சிமிட்டும். அவ்வளவுதான்.

முனைகள் வெள்ளையாக இருந்து, ரியூப்பும் ஒரு வருடத்துக்கு உட்பட்டதாக இருந்தால், ஸ்ராட்டரைச் சந்தேகிக்கலாம். அடுத்த அறையில் ஒழுங்காக எரியும் விளக்கின் ஸ்ராட்டரைக் கழற்றி இங்கே போட்டுப் பார்ப்பதே செலவில்லாத சோதனை. ஆனால் சந்தேகத்துக்குரிய ஸ்ராட்டரை நல்ல விளக்கில் போட்டு நீண்ட நேரம் விட வேண்டாம். ஓயாத தொடக்கம் நல்ல ரியூப்பின் பூச்சையும் உதிர்த்துவிடும்.

ஸ்ராட்டர் கெட்டதற்கு ஐயமற்ற அடையாளம் ஒன்று உண்டு: இரு முனைகளும் செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டிருக்க, நடுப்பகுதி இருண்டு கிடக்கும், சிமிட்டல் இராது. கீலத்தின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டாலும், கொள்ளளவி குறுஞ்சுற்றானாலும் இவ்வாறு நேரும். அந்நிலையில் ஸ்ராட்டரைத் திருகி எடுத்தவுடன் விளக்குப் பற்றிக்கொண்டு எரிந்தால் தீர்ப்பு உறுதி. இதைக் கண்டும் விட்டுவிடக் கூடாது. முனைகள் கனன்றபடி ஓர் இரவு இருந்தாலே, நல்ல ரியூப் காலையில் கறுத்த ரியூப்பாகிவிடும். சோக்கும் எரிவதைவிடக் கூடிய ஓட்டத்தைச் சுமந்து கொதித்துப்போகும்.

இரண்டாவது, துடித்தல். விளக்கு அணைவதில்லை, ஆனால் கண்ணை உறுத்தும் வேகத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும், அதுவும் ஒரு முனையில் கூடுதலாக. ஒரு பக்கச் சுருளின் பூச்சு முற்றாகத் தீர்ந்து, மறுபக்கச் சுருள் மட்டும் இலத்திரன்களை உமிழும்போது, ஓட்டம் ஒரு திசையில் நன்றாகவும் எதிர்த்திசையில் குறைவாகவும் பாய்கின்றது. அதனால் செக்கனுக்கு 100 தடவை வரவேண்டிய ஒளித்துடிப்பு 50 ஆகின்றது. நூறைக் கண் உணர்வதில்லை. ஐம்பதைப் பலருடைய கண்கள் உணர்ந்துவிடும், முக்கியமாகக் கடைக்கண்ணால் பார்க்கையில். ஒருபக்கமாகப் பாயும் அந்த ஓட்டம் சோக்கின் இரும்பை நிரம்பலடையச் செய்து அதன் கடிவாளத்தைத் தளர்த்துவதால், இத்தகைய விளக்கை மாதக் கணக்கில் எரிப்பவர் ரியூப்பின் பணத்தை மிச்சம் பிடித்துச் சோக்கின் பணத்தை இழப்பார்.

துடித்தலுக்கான சோதனை எளிது. மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு ரியூப்பைக் கழற்றி, இடவலம் மாற்றித் திரும்பப் போட வேண்டும். துடிப்பும் ரியூப்போடு சேர்ந்து மறுபக்கம் போனால் ரியூப் முடிந்துவிட்டது. துடிப்பு பழைய பக்கத்திலேயே நின்றால், அந்தப் பக்கத்து ஹோல்டரில் தொடுகை சரியில்லை. முல்லைத்தீவுக் கரையோர வீடுகளில் உப்புக் காற்றால் ஹோல்டரின் பித்தளைத் தகடு பச்சை பூத்திருப்பதையும், உட்புற ஊர்களில் குளவி மண்கூடு கட்டி ஸ்ராட்டரின் துளையை அடைத்திருப்பதையும் கண்டிருக்கிறேன். கிரவல் வீதிக்கு அருகில் உள்ள வீடானால் செம்புழுதிக்குக் குறைவிராது. ரியூப்பின் ஊசிகளை நுண்ணிய உப்புத்தாளால் துடைத்து, ஹோல்டரின் தகட்டைச் சற்று நெருக்கிவிட்டாலே பல விளக்குகள் அமைதியடையும்.

மூன்றாவது, நெளிதல். புது ரியூப்பைப் போட்ட அன்று வெளிச்சம் பாம்புபோல் சுருண்டு சுழன்று ஓடும். பார்ப்பவருக்குப் பதற்றமாக இருக்கும். ஆனால் மூன்றிலும் பாதகம் குறைந்தது இதுவே. வாயுவும் இரசமும் இன்னும் படிந்து சீராகவில்லை. நான்கைந்து தடவை அணைத்துப் போட்டாலோ, சில மாலைகள் தொடர்ந்து எரிய விட்டாலோ பெரும்பாலும் நின்றுவிடும். ஒளியளவைச் சோதிக்கும் ஆய்வுகூடங்களிலும் புது ரியூப்பை முதலில் 100 மணித்தியாலம் எரித்த பின்னரே அளக்கின்றனர். நாள்கள் சென்ற பின்னரும் நெளிவு நிற்காவிட்டால் சோக் அந்த ரியூப்புக்குப் பொருந்துகின்றதா என்று பார்க்க வேண்டும்.

விளக்கு எரியவே இல்லையென்றால் அது சிமிட்டல் அன்று. எனினும் ஒரு எச்சரிக்கை: சுவிச் போட்ட கணத்தில் புது ரியூப்பின் முனைகள் வெளிர்நீலமாகப் பளிச்சிட்டு உடனே செத்துப்போனால், இரண்டாவது ரியூப்பை அதே இடத்தில் போட வேண்டாம். சோக்கின் சுற்றுகள் தமக்குள் ஒட்டிக் கடிவாளம் அறுந்திருக்கின்றது. மல்ரிமீற்றர் இருப்பவர்கள் சோக்கின் தடையை அளந்தால், நல்ல சோக்கில் சில பத்து ஓம் காட்டும். ரியூப்பின் ஒரு முனையிலுள்ள இரு ஊசிகளுக்கிடையில் சில ஓம் மட்டுமே இருக்கும். எதுவும் காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது.

வோல்ற்றேஜ் காணாத ஊர்கள்

விட்டுவிட்டு எரிதலுக்கு மேலே சொன்ன மூன்றாவது காரணமாகிய காணாத வோல்ற்றேஜ் வன்னிக்குச் சற்றுக் கூடுதலாகப் பொருந்தும். வீடுகள் ஐதாகவும் காணிகள் பெரிதாகவும் இருப்பதால், நிலைமாற்றியிலிருந்து கடைசி வீடு வரை கம்பி நீண்ட தூரம் ஓடுகின்றது. இலங்கையில் வீட்டுக்கு வரும் மின் 230 வோல்ற்றுக்கு 6 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது விதி. அதாவது 216 முதல் 244 வரை. இரணைமடுக் குளத்தின் கீழும் விசுவமடுப் பக்கமும் சிறுபோக காலத்தில் நீரிறைக்கும் மோட்டர்கள் ஓட, மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கும் மின்விசிறியும் போடப்பட, கம்பியின் கடைசியிலுள்ள வீட்டில் அந்தக் கீழெல்லை தாண்டப்படலாம். அப்போது ஸ்ராட்டரின் குமிழ் சோம்பலாக ஒளிரும், சுருள் போதியளவு சூடாகாது, உதையும் வலுவிழக்கும். 180 வோல்ற்றுக்குக் கீழே சோக்கும் ஸ்ராட்டரும் பூட்டிய விளக்குப் பற்றுவது பெரும் பாடு.

இதை அறிவதற்கு மீற்றர் வேண்டியதில்லை. மாலை 7 மணிக்குச் சிமிட்டிய அதே விளக்கு இரவு 11 மணிக்கு முதல் முயற்சியிலேயே எரிந்தால், கோளாறு விளக்கில் இல்லை. மின்விசிறி அதே நேரத்தில் தளர்ந்து சுழல்வதும் இதற்குச் சாட்சி. அயல் வீடுகளிலும் அவ்வாறே இருந்தால் மின்சார சபைக்கு அறிவிக்க வேண்டும். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் மின்மானியிலிருந்து வரும் வயரின் இணைப்புகளைத் தகுதியுள்ள மின் வேலையாளரைக் கொண்டு பார்க்க வேண்டும்.

மின்வெட்டும் ரியூப்பின் ஆயுளைத் தின்கின்றது. சாதாரண ரியூப்பின் ஆயுள் 8000 மணித்தியாலம் என்ற அளவில் சொல்லப்படும்போது, அது 3 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அணைத்துப் போடும் சோதனையில் கிடைத்த கணக்கு. ஒவ்வொரு தொடக்கத்திலும் சுருளின் பூச்சில் சிறிது உதிர்கின்றது. 2022 ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த வேளையில், மின் திரும்பி வந்ததும் ஊர் முழுவதும் ஒரே கணத்தில் சுமை ஏற, தாழ்ந்த வோல்ற்றேஜில் ஸ்ராட்டர்கள் எல்லாம் திணறிக்கொண்டிருந்தன. மின் நின்றால் சுவிச்சை அணைத்துவிட்டு, வந்து சில நிமிடங்கள் கழித்துப் போடுவது நல்ல பழக்கம்.

போர்க் காலத்திலும் அதன் பின்னும் ஜெனரேற்றரில் ரியூப் எரித்த ஊர் இது. தேசிய மின்வலை வன்னியின் பெரும்பகுதிக்கு எட்டாதிருந்த காலத்தில் கடைகளும் கோயில்களும் அதையே நம்பியிருந்தன. இன்றும் திருவிழாவுக்குக் கம்பங்களில் ரியூப் கட்டுபவர்கள் ஜெனரேற்றரைக் கொண்டுவருவதுண்டு. இயந்திரம் மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கினால் ரியூப்களும் சேர்ந்து ஏறி இறங்கும். அதற்கு ஸ்ராட்டரை மாற்றிப் பயனில்லை. வேகம் குறைந்து மீடிறன் (செக்கனுக்கு வரும் சுற்றுகள்) 50 இலிருந்து இறங்கினால், வோல்ற்றளவு குறையாதவரை, சோக்கினூடாக ஓட்டம் கூடும், சோக் சூடேறும். ஆகவே ஜெனரேற்றரின் வோல்ற்றை மட்டும் பார்க்காமல் வேகத்தையும் பார்க்க வேண்டும்.

மற்றைய தொடக்கும் கருவிகள்

இலத்திரனியல் ஸ்ராட்டர், வெளிப்பார்வைக்குச் சாதாரண ஸ்ராட்டரைப் போலவே இருந்து, அதே துளையில் பொருந்தும். உள்ளே கீலத்துக்குப் பதிலாகக் குறைகடத்திச் சுற்று. அது சுருள்களை உரிய நேரம் சூடாக்கி, ஒரே உதையில் விளக்கைப் பற்றவைக்கும். ரியூப் தேய்ந்திருந்தால் சில முயற்சிகளுடன் நிறுத்திக்கொள்ளும். அடிக்கடி அணைத்துப் போடும் இடங்களுக்கு, பழைய சோக்கை மாற்ற விரும்பாதவர்களுக்கு, நான் சொல்வது இதைத்தான்.

ஸ்ராட்டரே இல்லாமல், சுருள்களை எந்நேரமும் மெல்லச் சூடாக்கிக்கொண்டே இருக்கும் நிலைமாற்றி வகை ஒன்றும் உண்டு. ரியூப்புக்கு அருகில் புவித்தொடுப்புள்ள உலோகத் தகடு இருந்தால்தான் அது ஒழுங்காகத் தொடங்கும். புவிக்கம்பி அறுந்தாலோ, மாரியில் கண்ணாடி மீது ஈரம் படர்ந்தாலோ அது தயங்கித் தயங்கி எரியும். இங்கே அரிதாகவே காணப்படுவதால் இதற்கு மேல் விரிக்க வேண்டியதில்லை.

இன்று கடையில் 'எலெக்ட்ரோனிக் சோக்' என்று கேட்டால் தரப்படும் இலகுவான பெட்டி, செக்கனுக்கு 50 சுற்றாக வரும் மின்னை 20,000 க்கு மேற்பட்ட சுற்றுகளாக மாற்றி ரியூப்புக்குக் கொடுக்கின்றது. இத்தனை வேகத்தில் வாயு அணைவதற்கு நேரமே கிடைப்பதில்லை, இரைச்சலும் இல்லை, அதே வெளிச்சத்தை 36 வாற்று ரியூப் 32 வாற்றில் தந்துவிடும். ஸ்ராட்டர் தேவையில்லை. 16 மில்லிமீற்றர் விட்டமுள்ள மெல்லிய 28 வாற்று ரியூப்புகள் இத்தகைய சோக்கில் மட்டுமே எரியும்.

ஆனால் இந்தப் பெட்டிகளும் ஒரே வகையின அல்ல. சுவிச் போட்ட அதே கணத்தில் எரிபவை, சுருளைச் சூடாக்காமல் உயர் வோல்ற்றால் ரியூப்பை வலிந்து பற்றவைப்பவை. நாளுக்கு ஒருமுறை போட்டு இரவு முழுவதும் எரியும் இடத்துக்கு அவை போதும், குளியலறைக்குக் கூடாது. ஒரு செக்கன் அளவு தாமதித்து எரிபவை சுருளை முன்கூட்டியே சூடாக்குபவை. ரியூப்பின் ஆயுளைக் காப்பவை அவையே. வாங்கும்போது எரிய வைத்துப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

விளக்கைத் திறக்காமலே எந்தச் சோக் என்று அறியக் கைத்தொலைபேசியின் கமராவை எரியும் ரியூப்புக்கு நேரே பிடிக்கலாம். திரையில் கரிய பட்டைகள் நகர்ந்தால் இரும்புச் சோக். படம் அசையாமல் தெளிவாக இருந்தால் இலத்திரனியல் சோக்.

இலத்திரனியல் சோக் பூட்டிய விளக்கு ஒழுங்கான இடைவெளியில் மின்னி மின்னி அணைந்தால், அது தன் பாதுகாப்புச் சுற்று ரியூப்பைச் சோதித்துச் சோதித்துக் கைவிடுவதன் அடையாளம். அப்போதும் முதலில் மாற்ற வேண்டியது ரியூப்பையே. மாற்றிய பின் சுவிச்சை அணைத்துப் போட வேண்டும், ஏனெனில் சில சோக்குகள் மின் ஒருமுறை நிற்கும் வரை பூட்டிய நிலையிலேயே இருக்கும். புது ரியூப்பும் மங்கலாக நடுங்கினால் பெட்டியினுள்ளே உள்ள கொள்ளளவி காய்ந்துவிட்டது. தகரக் கூரைக்கு நேர்கீழே பூட்டிய விளக்குகளில் இது விரைவில் நேரும். மற்றொரு பகை இடி. சித்திரை மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் வரும் இடிமழையில் இரும்புச் சோக் அசையாமல் நிற்க, இலத்திரனியல் சோக் செத்துப்போவதுண்டு. ஆனாலும் வோல்ற்றேஜ் காணாத கடைசி வீட்டுக்கு, அகன்ற வோல்ற்றெல்லை பொறித்த இலத்திரனியல் சோக்கையே நான் தெரிவேன். இடி முழங்கினால் மெயின் சுவிச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

சுவிச்சை அணைத்த பின்னரும் இருட்டில் ரியூப் மங்கலாக மினுங்கினாலோ, சேவிங் பல்ப் இடையிடையே கண் சிமிட்டினாலோ, அதை வேடிக்கையாக எண்ண வேண்டாம். சுவிச்சில் சிறிய நியோன் அடையாள விளக்கு இருந்தால் அதனூடாகக் கசியும் ஓட்டம் காரணமாகலாம். அது இல்லையென்றால், சுவிச் உயிர்க்கம்பியில் அல்லாமல் நொதுமற்கம்பியில் (நியூட்ரலில்) பூட்டப்பட்டிருக்கலாம். அணைந்ததென்று நம்பித் தொடுபவரை அந்த விளக்கு தாக்கும்.

ஆலைகளில் ஓர் ஆபத்து

இரும்புச் சோக்கில் எரியும் ரியூப் செக்கனுக்கு 100 தடவை ஒளிர்ந்து மங்குகின்றது என்றோம். வீட்டில் இதனால் கேடில்லை. அரிசி ஆலையிலும் மர ஆலையிலும் உண்டு. நான்கு ஆரங்கள் உள்ள சில்லு ஒன்று நிமிடத்துக்கு 1500 தடவை சுழன்றால், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் அது சரியாகக் கால் சுற்றுச் சுழலும். ஓர் ஆரம் நின்ற இடத்தில் அடுத்த ஆரம் வந்து நிற்கும். பார்ப்பவருக்குச் சில்லு அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். சாதாரண மோட்டர் சுமையோடு 1440 அளவில் ஓடும்போது, அதே சில்லு மெதுவாகப் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றும். நிற்கும் பட்டி என்று எண்ணிக் கையை வைத்தால் விளைவு சொல்ல வேண்டியதில்லை. சுழலும் பொறிக்கு மேலுள்ள விளக்கு இலத்திரனியல் சோக்கில் எரிய வேண்டும். மும்முனை மின் உள்ள ஆலையில் அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு முனைகளில் (பேஸ்களில்) பூட்டினாலும் ஒன்றின் மங்கலை மற்றொன்றின் ஒளி மூடிவிடும்.

மாற்றும்போது

மெயின் சுவிச்சை நிறுத்துவது முதல் வேலை. வாங்கும் ஸ்ராட்டரில் பொறித்த எண்ணைப் படிக்க வேண்டும்: 4–65 வாற்று என்றிருப்பது தனி ரியூப்புக்கு, 4–22 என்றிருப்பது, ஒரே சோக்கில் 2 அடி ரியூப் இரண்டைத் தொடராகப் பூட்டிய விளக்குக்கு. இடம் மாறிப் போட்டால் விளக்கு ஒழுங்காக எரியாது. இரண்டில் ஒன்று தேய்ந்தாலும் இரண்டும் சிமிட்டும். சோக்கில் பொறித்த வாற்று ரியூப்பின் வாற்றோடு பொருந்த வேண்டும். பழைய 40 வாற்றுத் தடித்த ரியூப்பின் இடத்தில் 36 வாற்று ரியூப்பைப் போடலாம், சோக்கும் ஸ்ராட்டரும் உள்ள விளக்கானால் மட்டும்.

2023 ஆம் ஆண்டு, இரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் மினமாத்தா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள், நீளமான ரியூப்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 ஆம் ஆண்டளவில் நிறுத்துவதென முடிவு செய்தன. காரணம் உள்ளிருக்கும் இரசம். ஆகவே இனிச் சோக் எரிந்தால் புதுச் சோக் வாங்காமல் எல்ஈடி ரியூப்புக்கு மாறுவதே அறிவுடைமை. அதிலும் கவனம் வேண்டும். இரும்புச் சோக்கை வைத்துக்கொண்டே போடும் எல்ஈடி ரியூப்புடன் ஒரு போலி ஸ்ராட்டர் தரப்படும்; பழைய ஸ்ராட்டரை எடுத்துவிட்டு அதையே போட வேண்டும். சோக்கை நீக்கி நேரடி மின்னில் பூட்டும் வகையில், ஒரு முனைக்கு மட்டும் மின் கொடுப்பதா இரு முனைகளுக்குமா என்பது பெட்டியில் வரைந்திருக்கும். அந்தப் படத்தைப் பாராமல் வயரை மாற்றியமைக்கக் கூடாது. மாற்றியமைத்த விளக்கில் அதை எழுதி ஒட்டிவிட வேண்டும், பின்னொரு நாள் வேறொருவர் பழைய ரியூப்பை அதில் போட்டுவிடாமல்.

கழற்றிய ரியூப்பைக் கிணற்றடியிலோ வேலியோரத்திலோ உடைத்துப் போட வேண்டாம். வீட்டுக்குள் உடைந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, யன்னல்களைத் திறந்து கால் மணித்தியாலம் விட்ட பின், தும்புத்தடியால் கூட்டாமல், கடின மட்டையால் வழித்தெடுத்து, எஞ்சிய பொடியை ஈரக் கடதாசியால் ஒற்றி, எல்லாவற்றையும் மூடியுள்ள போத்தலில் இட்டு வைக்க வேண்டும்.